இரண்டு மணி நேரம் என்றால் ஒன்று

என் அக்கா ஹில்டாவும் தனசிங் அண்ணனும் எம்.ஏ. புவியியலில் ஒரே வகுப்பு, ஒரே சர்ச். தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு தனியார் கல்லூரியில் 1964 ஜூனில் அக்கா வேலைக்குச் சேர்ந்தாள். ஐந்து மாதம் கழித்து, அவள் சிபாரிசு செய்துதான் அவரும் அங்கே வந்தார். 1971இல் அவர் நிரந்தரம், சம்பளம் நானூற்றுப் பத்து. அக்கா தற்காலிகம், நூற்றுத் தொண்ணூறு. நான் வடக்கே ஊர் ஊராகச் சுற்றிய நாலு வருஷமும் எனக்கு வந்த மணியார்டர்கள் அந்த நூற்றுத் தொண்ணூறிலிருந்து வந்தவை.

“எனக்கு வெயில் ஒத்துக்காது ஹில்டா. பிராக்டிகலை நீ பாத்துக்க, தியரி நான் பாத்துக்கறேன்” என்று ஆரம்பத்திலேயே தனசிங் அண்ணன் சொல்லிவிட்டார். அக்காவுக்குச் சந்தோஷம்தான். சேலையூர் ஏரிக்கரையில் பசங்களை வரிசையாக நிறுத்தி, இரும்புச் சங்கிலி பிடித்து நிலம் அளப்பதும், அதை வரைபடமாக்குவதும் அவளுக்குப் பிடித்த வேலை. “ரோடு போடறவ மாதிரி கறுத்துட்டியேடி” என்று அம்மா புலம்புவாள். ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு இட்லி சாப்பிட வரும் தனசிங் அண்ணன், “விடுங்கம்மா, காலேஜே அவளாலதான் நடக்குது” என்பார்.

ஜூன் மாதமானால் சார்ட் பேப்பரோடு வருவார். “டைம்டேபிளை நீ எழுதினாத்தான் அழகு.” அக்கா கட்டம் போட்டு, வரைபடத்தில் ஊர்ப்பெயர் எழுதுகிற அதே கையெழுத்தில் நிரப்பி, கீழே கையொப்பமும் போடுவாள்.

1971 ஜூனில், புது டைம்டேபிள் எழுதுவதற்கு முன்பே, நிர்வாகம் ஓர் அறிவிப்பு ஒட்டியது. வாரம் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வகுப்பெடுப்பவர்கள் எல்லாரும் நிரந்தரம். அக்காவுக்குப் பதினெட்டு. கிறிஸ்துமஸ் புடவையைக் கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனாள்.

தலைமை எழுத்தர் சுப்பராயலு ஃபைலைப் புரட்டினார். “உங்களுக்கு ஒம்போதுதாம்மா கீது.”

“பதினெட்டு சார்.”

“பிராக்டிகல் ரெண்டு மணி நேரம் எடுத்தா கணக்குல ஒண்ணுதானே? எப்பவும் அப்பிடித்தான். தனசிங் சாரு சொல்லல? போன வருசமே அவரே வந்து கேட்டுகினு போனாரே.” ஆறு வருஷ டைம்டேபிள் சார்ட்டுகளை எடுத்து மேசையில் விரித்தார். “இது யாரு கையெழுத்து?”

“என்னோடது.”

“அப்புறம் இன்னாம்மா, என்னாண்ட சண்டைக்கு வர்றீங்க?”

தனசிங் அண்ணனுக்கு வாரம் பதினாறு மணி நேரம் தியரி. அதில் மூன்று மணி நேரத்தை விட்டுக்கொடுத்திருந்தால் அக்காவுக்குப் பன்னிரண்டு ஆகியிருக்கும், அவருக்கும் பதிமூன்று மிஞ்சியிருக்கும். போன ஜூனில் தனக்கும் கொஞ்சம் தியரி தரச் சொல்லி அவளே கேட்டாள். “அடுத்த வருஷம் பாக்கலாம்” என்றிருந்தார்.

“தெரிஞ்சும் சொல்லலியே அண்ணா?” என்று அவர் அறை வாசலில் நின்று கேட்டாள்.

“மணிக்கணக்கைப் பத்தி நீ கேக்கலியே.” அவர் பேனாவை மூடினார். “நீயும் பெர்மனென்ட் ஆனா, முதல்ல சேர்ந்தவதான் டிபார்ட்மெண்ட்டுக்கு ஹெட். எனக்கு மூணு பிள்ளைங்க. உனக்கு என்ன செலவு, சொல்லு?”

“தங்கச்சி வடக்கே ஊர் ஊரா சுத்தறா, அவளுக்குப் பணம் அனுப்பணும்” என்றாளாம். என்னைத்தான்.

அடுத்த ஞாயிறும் அவர் வந்தார், கையில் சார்ட் பேப்பர். அம்மா தட்டில் இட்லி வைக்கப் போனபோது அக்கா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“ரெண்டு இட்லி கேட்டா இனி இங்கேயும் ஒண்ணுதான் கணக்கு. டைம்டேபிளை நீங்களே எழுதுங்க. பிராக்டிகலுக்கு உங்க பேரைப் போட்டுக்கோங்க.”

“பிராக்டிகல் எடுக்கலேன்னா உனக்கு ஒரு மணி நேரம்கூட இருக்காது ஹில்டா. வேலை போயிடும்.”

“தெரியும்.”

போயிற்று. நான் திரும்பி வந்தபோது அவள் குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்குப் புவியியல் எடுத்துக்கொண்டிருந்தாள். சம்பளம் இருநூற்றுப் பத்து. “அங்கே ஒரு பீரியட் எடுத்தா ஒரு பீரியட்தான்” என்றாள். ஏரிக்கரைப் பக்கம் அவள் போவதில்லை. சர்ச் வாசலில் தனசிங் அண்ணன் இன்னமும் வணக்கம் சொல்கிறார். கல்லூரியில் சங்கிலி பிடிக்கத் தெரிந்தவர் யாருமில்லையாம், எப்போதாவது அக்கா வந்து சொல்லிக்கொடுக்க முடியுமா என்று போன வாரம் என் மூலம் கேட்டனுப்பினார்.

நான் அதை அக்காவிடம் சொல்லவில்லை.