ஊசி நுழையாத வீடு

காலையில் தனியாக ஊசி போட்டுக்கொள்வது எனக்கு இன்னும் பழகவில்லை. தன் வயிற்றில் தானே குத்திக்கொள்ள ஒருத்திக்கு எதற்குத் துணை என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எனக்குத் துணை வேண்டியிருந்தது. புதூர்நாட்டுப் பக்கம் ஒரு மலைக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த வருடங்களில் அது கிடைத்தது, பிறகு போய்விட்டது.

என் ஊர் போளூர்ப் பக்கம். கணவரும் பிள்ளைகளும் அங்கே. நான் மட்டும் மேலே ஒரு வாடகை வீட்டில் இருந்துகொண்டு சனி ஞாயிறுக்கு இறங்கிப் போய் வருவேன். மாத்திரைக்கு அடங்காமல் டாக்டர் இன்சுலினுக்கு மாற்றியதும் ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் வாங்கினேன். ஜீப்பின் தலையில் கட்டி ஏற்றிக்கொண்டு வந்ததால் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அடுத்த நாளே, என்னிடம் இரண்டாம் வகுப்புப் படித்த ஒரு சிறுமியின் அம்மா கையில் டப்பாவோடு வாசலில் நின்றாள்.

“டீச்சர், எனுக்கும் சக்கரதான். மருந்து பாட்டில மண்பானையில ஈர மணலு போட்டு வெச்சிக்கினு இருக்கேன். உங்க பொட்டியில ஒரு ஓரமா வெச்சிக்கட்டுமா?”

முப்பது வயதுகூட இருக்காது. ஒல்லி உடம்பு. எனக்கு வந்தது வயதான பிறகு வருகிற சர்க்கரை. ஊசி ஒரு வேளை தவறினால் தலை கனக்கும், எரிச்சல் வரும், அவ்வளவுதான். அவளுக்கு வந்ததோ சின்ன வயதிலேயே. உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிட்ட வகை. அவளுக்கு அது மருந்து இல்லை, மூச்சு. அதை அவளே சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அன்றிலிருந்து காட்டுவேலைக்குப் போகும் முன் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை என் சமையலறைக்கு வருவாள். அடுப்பில் எனக்குச் சர்க்கரை போடாத டீ கொதித்துக்கொண்டிருக்கும். இரண்டு பேரும் சேலையை இடுப்பில் தளர்த்திக்கொண்டு நிற்போம். நான் பல்லைக் கடித்து, கண்ணை மூடி, மாதாவைக் கூப்பிட்டுக் குத்துவேன். அவள் ஊர் நியாயம் பேசிக்கொண்டே குத்தி எடுத்துவிடுவாள்.

“இன்னா டீச்சர், பசங்கள அந்த மெரட்டு மெரட்டுறீங்க, இந்த முள்ளுக்குப் போயி கண்ண மூடிக்கிறீங்க?”

“உன் வேலையைப் பாரு” என்பேன். அவள் வேலையைப் பார்க்கவே மாட்டாள். என் வேலையைத்தான் பார்ப்பாள். குத்தின இடத்திலேயே மறுபடி குத்தாதீங்க, கட்டி வுழுந்துடும் என்று அதட்டுவாள். நானும் முன்கோபக்காரி, அவளும் வாயாடி. எங்கள் சத்தம் தெருவரைக்கும் கேட்கும்.

பலாப்பழக் காலம் வந்தால் அவள் புலம்பலைக் கேட்கவேண்டுமே. “மல முழுக்கப் பழத்தத் தொங்க வுட்டுட்டு எனுக்கு மட்டும் வாயக் கட்டிட்டான் பாரு அந்த ஆண்டவன்” என்பாள். ஒரு நாள் பொறுக்கமுடியாமல் ஆளுக்கு ஒரு சுளை தின்றுவிட்டு, திருடிகள் மாதிரி ஒருவரையொருவர் பார்த்து முழித்தோம். பிறகு சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியவில்லை. என் கூடப்பிறந்தவர்களோடுகூட நான் அப்படிச் சிரித்ததில்லை.

ஒரு வருடம், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம். மலையில் புளி உலுக்குகிற நேரம். ஒரு சாயங்காலம் அவள் வரவில்லை. வேலை முடியவில்லை போல என்று நினைத்தேன். மறுநாள் காலையும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் பெண்ணும் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு மற்ற பிள்ளைகள் எழுந்து நின்று, “அவங்க வூட்ல அம்மா வந்திருக்குது டீச்சர்” என்றார்கள்.

அம்மை போட்டிருக்கிறது என்று பொருள். அங்கே அம்மை கண்ட வீட்டில் வாசலில் வேப்பிலை செருகிவிடுவார்கள். தாளிப்பு கிடையாது, சீப்பு கிடையாது, அயலார் உள்ளே போகக்கூடாது, பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவள் வெளியே போகக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், அந்த வீட்டுக்குள் ஊசி நுழையக்கூடாது. வீட்டில் யார் மேல் ஊசி ஏறினாலும் அது பிள்ளையின் மேல் இறங்கியிருக்கிற அம்மனைக் குத்தினமாதிரி. மூன்று தடவை வேப்பிலைத் தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். கடைசித் தண்ணீர் ஊற்றினால்தான் அம்மா வீட்டைவிட்டுப் போய்விட்டதாக அர்த்தம்.

இதைச் சொல்லி நான் யாரையும் கேலி செய்யவில்லை. எனக்குச் சின்ன வயதில் அம்மை போட்டபோது எங்கள் அம்மா மாதா படத்துக்குக் கீழே வேப்பிலையைச் செருகிவைத்துத்தான் ஜெபமாலை சொன்னாள். ஞானஸ்நானம் வாங்கிய வீட்டிலும் அந்த நாட்களில் கடுகு வெடிக்கவில்லை.

அவள் பாட்டிலை ஈரத்துணியில் சுற்றி டிபன் டப்பாவில் வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வேப்பிலைக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன், அந்தப் பக்கம் அவள். உதடு வெடித்திருந்தது. உள்ளே பெண் முனகுவது கேட்டது.

“வெளியே வா. என் வீட்டுக்கு வந்து போட்டுட்டு ஓடிடு” என்றேன்.

“வரக்கூடாது டீச்சர்.”

“அப்ப வாசல்லயே போட்டுக்கோ. நான் திரும்பி நின்னுக்கிறேன்.”

“ஊசிய உள்ள எடுத்தாந்தாலும் ஒண்ணு, ஒடம்புல ஏத்திக்கினு உள்ள போனாலும் ஒண்ணு. நான் சோறு துன்னாம இருந்துக்கிறேன். துன்னாம இருந்தா ஏறாது.”

சாப்பிடாவிட்டாலும் ஏறும், நீ சாப்பிடவில்லை என்று உன் உடம்புக்குத் தெரியாது, உடம்பே விஷமாகிவிடும் என்று கத்தினேன். இந்த அம்மை தானாக இறங்கிவிடும், எல்லாப் பிள்ளைக்கும் இறங்குகிறது என்றும் சொன்னேன். அப்போதுதான் அவள் தன் முதல் பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். அதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது அம்மை கண்டு, காய்ச்சல் தாங்காமல் கீழே தூக்கிக்கொண்டு போய், அங்கே யாரோ ஊசி போட்டு, திரும்பி மலை ஏறுவதற்குள் மடியிலேயே போய்விட்டது. காய்ச்சலில் போயிருக்கும். அவளுக்கு அது ஊசியில் போன பிள்ளை.

நான் கிராம நர்சைக் கூட்டி வந்தேன். அந்த நர்ஸும் மலைக்காரிதான். வேப்பிலையைத் தாண்டாமல் நின்று கெஞ்சினாள், அதட்டினாள், ஆஸ்பத்திரி வண்டியைக் கூப்பிடுவேன் என்றாள். சிறுமியின் அப்பா ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். “நான் சொல்லிப் பாத்துட்டேங்க, கேக்கல” என்றார். பிறகு நர்ஸ்தான் யோசனை சொன்னாள், மாரியம்மன் கோயில் பூசாரி சொன்னால் கேட்பாள் என்று.

பூசாரி சாமை விதைக்கிற சாதாரண விவசாயி. கொல்லைக்காட்டு வேலையிலிருந்து அப்படியே வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, வாசலுக்கு நேராக நின்று நிதானமாகப் பேசினார்.

“உன் ஒடம்புக்கு முடியாததுக்குத்தானம்மா ஊசி. அது மாரியம்மாவுக்கு எதிரு இல்ல. வெளிய வந்து போட்டுக்கினு, மஞ்சத் தண்ணிய மேல தெளிச்சிக்கினு உள்ள போ. நான் சொல்றேன்.”

எனக்கு உயிர் வந்தது. டப்பாவைத் திறந்தேவிட்டேன். அவள் அவரையே பார்த்தாள்.

“போட்டுக்கன்னு சொல்றீங்க சாமி. என் புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுன்னும் சொல்றீங்களா?”

பொய் சொல்லத் தெரியாத மனிதர். “அது அம்மா கையில இருக்குது” என்றார்.

“அப்ப நானும் அம்மா கையிலயே வுட்டுடுறேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த மனிதரை அன்றைக்கு மனசுக்குள் எத்தனை திட்டு திட்டினேன். ஒரே ஒரு பொய், ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? ஆனால் அவர் சாமியை வைத்துப் பொய் சொல்கிறவர் இல்லை. சொல்லாததற்காக இன்று அவரைத் திட்ட முடியவில்லை.

அதற்குப் பிறகு காலையும் மாலையும் டப்பாவோடு போய் வாசலில் நின்றேன். முதலில் வந்து பேசினாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தண்ணீர் தண்ணீர் என்று குடித்துக்கொண்டே இருந்தாள். பெண்ணுக்குக் கொப்புளங்கள் காயத் தொடங்கிவிட்டன, முதல் தண்ணீரும் ஊற்றியாகிவிட்டது என்று சொல்லும்போது மட்டும் முகம் மலர்ந்தது. எனக்கு அந்த மலர்ச்சியைப் பார்க்கப் பார்க்கப் பயம்தான் கூடியது.

ஒரு காலை நான் கிளம்பும் முன்பே அவள் கணவர் ஓடி வந்தார். வாந்தி நிற்கவில்லை, கூப்பிட்டால் பேசவில்லை. புளி மூட்டை ஏற்றி நின்ற ஒரு ஜீப்பை மறித்து, மூட்டைகளை ரோட்டிலேயே இறக்கிப் போட்டுவிட்டு அவளைப் படுக்கவைத்தோம். பெண்ணை அதன் அத்தையிடம் விட்டோம். அவள் மூச்சு ஆழமாக, அவசரமாக வந்தது. அழுகிய பழ வாடை அடித்தது. மலை இறங்குகிற வளைவுகளில் அவள் தலையை என் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் ஊசியை எடுத்தேன். கண் திறக்காதவள், எப்படித்தான் தெரிந்ததோ, என் கையைத் தட்டிவிட்டாள். ஊசி ஜீப்புக்குள் எங்கோ விழுந்தது. நான் அழுதேன். வாய்விட்டே அழுதேன்.

கீழே ஆஸ்பத்திரியில் நேரம் கடத்தவில்லை. படுக்கவைத்ததும் நர்ஸ் டிரிப்ஸ் போட வந்தார். அப்போது அவளுக்குக் கொஞ்சம் நினைவு திரும்பியது. கையை மார்போடு இழுத்துக்கொண்டு கணவரைத் தேடினாள்.

“கடசித் தண்ணி ஊத்தியாச்சா?”

நான் அவரைப் பார்த்தேன். கடைசித் தண்ணீருக்கு இன்னும் நாள் இருந்தது.

“ஊத்தியாச்சு” என்றார் அவர். “அம்மா போய்ட்டாங்க. புள்ள எழுந்து வெளாடுது.”

அவள் கையை நீட்டினாள். நர்ஸ் நரம்பைத் தேடி ஊசியை ஏற்றும்போது முகம் சுளிக்கக்கூட இல்லை. அன்று முழுக்க மருந்து ஏறியது. ஆனால் உடம்பு திரும்பி வரமுடியாத தூரம் போய்விட்டிருந்தது. மறுநாள் மதியம் இறந்துபோனாள். அவள் உடம்போடு அதே மலைப்பாதையில் ஏறி வந்தோம். எனக்கு அவள் மேல்தான் கோபம் கோபமாக வந்தது. சிரித்துக்கொண்டே ஊசி போட்டுக்கொண்டவள், தெரியாத்தனத்தால் இப்படிச் செத்தாளே என்று.

அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டே கோடை விடுமுறை முழுவதையும் கழித்தேன். பள்ளிக்கூடம் திறந்த அன்று அவள் கணவர் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெண்ணின் நெற்றியில் ஒன்றிரண்டு வடுக்கள் இருந்தன. மற்றபடி தேறியிருந்தாள். அவளை வரிசைக்கு அனுப்பிவிட்டும் அவர் போகாமல் வராந்தாவில் நின்றார்.

“நான்தான் டீச்சர் அவள சாவடிச்சிட்டேன்” என்றார்.

“என்னப்பா பேசறே?”

“தண்ணி ஊத்தவே இல்லியே. ஊத்தியாச்சுன்னு பொய் சொன்னேன். அத நம்பித்தான் கைய நீட்டுனா. ஊசி ஏறிச்சு, உசுரு போச்சு.”

எனக்குத் தாங்கவில்லை. “ஊசி ஏறினதால போகலப்பா. முன்னாடியே ஏறாததால போச்சு” என்று, குரலை அடக்கமுடியாமல், முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப மொதல்லியே போட்டிருந்தா இருந்திருப்பாளா?”

“இருந்திருப்பா.”

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. அவர் உடைந்துபோவார் என்று நினைத்தேன். உடையவில்லை. வரிசையில் நிற்கிற மகளைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

“அது அவளுக்குத் தெரியும் டீச்சர்.”

“என்ன தெரியும்?”

“போடலன்னா இன்னா ஆவும்னு. சின்ன வயசுலேந்து போட்டுக்கினு வர்றவளுக்குத் தெரியாதா? துன்னாம இருந்தா ஏறாதுன்னு உங்ககிட்ட சொன்னதெல்லாம் உங்கள அனுப்பி வெக்கறதுக்கு. எங்கிட்ட நெசத்தச் சொன்னா. மொதப் புள்ள போவும்போது அம்மாவுக்கு ஒண்ணும் குடுக்கல, இப்ப குடுக்க என் உசுரு ஒண்ணு இருக்குதுன்னா. நான் பொய் சொல்லிக் கெடுத்துட்டேனோன்னு பயந்துக்கினே இருந்தேன். நீங்க சொல்றதப் பாத்தா ஊசியால போவல. அவ குடுத்தத அம்மா வாங்கிக்கிச்சு. வாங்கிக்கினு புள்ளய வுட்டுடுச்சு. இல்லீங்களா?”

அந்தப் பெண்ணுக்கு வந்தது எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிற அம்மை. அந்த வருடம் என் வகுப்பில் இன்னும் சில பிள்ளைகளுக்கும் வந்தது. எல்லோரும் குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் வந்துவிட்டார்கள். யாரும் எதையும் கொடுத்திருக்க வேண்டியதில்லை. தாயும் இருந்திருப்பாள், மகளும் இருந்திருப்பாள்.

அவர் என் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார்.

“ஆமாம்ப்பா” என்றேன். “வாங்கிக்கிச்சு.”