செல்வி பெயர் ஒட்டிய குழாய்

தொண்ணூறுகளில் புனேயில் ஒரு மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் துறையில் ஒரு பழக்கம். எந்த நோயாளியிடமிருந்து கிருமி கிடைத்ததோ, அவர் பெயரையே அதை வளர்க்கும் கண்ணாடிக் குழாயில் ஒட்டிவிடுவோம். தொண்டை அடைப்பான் பாடத்துக்கு எங்களிடம் இருந்தது 'செல்வி'. பக்கத்துக் கட்கியில் தொழிற்சாலை வேலை பார்த்த தமிழர் ஒருவரின் மகள். எங்கள் வார்டில் இறந்துபோன சின்னக் குழந்தை.

ஒருநாள் அவளுடைய அம்மா, கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு, நானும் தமிழ்க்காரி என்பதால் என்னைத் தேடி வந்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு மாணவன் எட்டிப் பார்த்து, "மேடம், செல்வி சாஹியே" என்றான். அந்த இந்தி அவளுக்கும் புரிந்தது.

"எந்தச் செல்வி வேணுங்கிறான்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. சொல்லிவிட்டேன்.

"அவளைக் கொன்னது இன்னும் உசுரோடவா இருக்கு?"

"பாடம் நடத்த வேணுமேம்மா. வாராவாரம் புதுசா ஆகாரம் மாத்தி வைப்போம்."

அலமாரியின் கண்ணாடிக் கதவு வழியாக அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"எம் புள்ளைக்குக் கடைசியில ஒரு வாய் தண்ணிகூட எறங்கலியே, டாக்டரம்மா."

குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அன்றே பெயரைச் சுரண்டிவிட்டு ஓர் எண்ணை ஒட்டினேன். என்ன பயன்? சீனியர்கள் சொல்லி, புதிதாக வந்த பிள்ளைகளும் செல்வி என்றே கேட்டார்கள். அதைப் பார்த்துப் படித்தவர்கள் எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றியிருப்பார்கள், அது எனக்கும் தெரியும். ஆனாலும் ஆகாரம் மாற்றும் நாளில் என் தொண்டை வறண்டுபோகும். வேலை முடிந்த பிறகும் தண்ணீர் குடிக்க மனசு வராது.