ஏரிப் பாஸும் என் போட்டோவும்

அன்று காலை டீக்கடை வாசலில் இருந்தவர்கள் இவர்கள். கடைக்கார அக்கா. ஜீப் ஸ்டாண்டுத் தலைவர். என் மனைவியின் தம்பி, அவனும் ஜீப் ஓட்டுகிறவன்தான். வெயில் விழும் இடத்துக்குக் காத்துக்கொண்டு ஸ்டாண்டு நாய். கடைசியாக வந்தது நான்.

நான் வந்ததும் பேச்சு நின்றது. இழவு வீட்டில் உரியவன் நுழைந்தால் நிற்குமே, அப்படி.

"வாங்க சாமி," என்றார் அக்கா. "டீ போடவா? இல்ல, உபதேசம் சொல்லிட்டுத்தான் குடிப்பீங்களா?"

மச்சினன் சிரித்தான். தலைவர் சிரிக்கவில்லை.

"ஏலே, இங்க வா. இது யாருன்னு பாரு."

போனைக் காட்டினார். என் படம். பானட்டில் ஒரு கை. மறு கையில் டீ கிளாஸ். மப்ளர் கட்டிக்கொண்டு எங்கேயோ பார்த்து நிற்கிறேன். கீழே என் ஜீப்பின் நம்பர் பிளேட், ஒரு எழுத்துக்கூட மறையாமல். எப்போது எடுத்தது என்று தெரியவில்லை. யார் எடுத்தது என்று மட்டும் தெரிந்துவிட்டது.

வட்டக்கானலில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த பெங்களூர்க்காரர். கோயம்புத்தூர்ப் பையன், வேலை பெங்களூரில். லேப்டாப்பும் கையுமாக இருப்பார். அவரை ஒருநாள் காட்டுக்குள் இருக்கிற ஏரிக்கு அழைத்துப் போனேன்.

அந்த ஏரிக்கு எல்லா வண்டியும் போக முடியாது. காட்டு இலாகா பாஸ் வேண்டும். பாஸ் உள்ள வண்டிகள் காலையில் செக்போஸ்டில் வரிசையாக நிற்கும். நேரத்துக்குக் கேட் திறக்கும். பாஸ் இல்லாதவன் ஊரைச் சுற்றிக் காட்டலாம். அது சீசனுக்குத்தான். பாஸ் இருந்தால் மழை மாதத்திலும் வீட்டில் அடுப்பு எரியும். என் வீட்டில் அப்படித்தான் எரிந்தது.

படத்துக்குக் கீழே இங்கிலீஷில் நீளமாக எழுதியிருந்தது. மச்சினன் பன்னிரண்டாவது வரை படித்தவன். அவன்தான் வாசித்துச் சொன்னான்.

"இது சும்மா போட்டோ போடுற எடம் இல்ல மச்சான். ஆபீஸ்காரங்க எடம். வேல குடுக்குறவன், வேல தேடுறவன் எல்லாம் இதுலதான் கெடக்குறான். இதுல பேரு வளத்தா வேல தேடி வருமாம்."

"யாரு பேரு?"

"அவரு பேரு. உங்க மூஞ்சி."

'தலைமை என்றால் என்ன என்று எனக்குக் காலேஜ் கற்றுத்தரவில்லை, அஞ்சாவது படித்த ஒரு ஜீப் டிரைவர் கற்றுத்தந்தார்.' இப்படித்தான் அது ஆரம்பித்தது. அந்த டிரைவர் நான்.

'பத்தடிக்கு மேல் பார்க்காதே. பத்தடி தெரிந்தால் பயணம் போய்விடலாம்.' இது நான் சொன்னதாம். மேகம் இறங்கியிருந்தது, பத்தடிதான் தெரியுது சார், மெதுவாப் போறேன் என்றேன். அவ்வளவுதான்.

"இன்னும் இருக்கா மாப்ள?" என்றேன்.

மச்சினன் தலைவரைப் பார்த்தான். தலைவர் வாசி என்று தலையசைத்தார்.

'கேட் காத்திருப்பவனுக்குத்தான் பூட்டியிருக்கும். அன்று கேட் திறக்கும் முன்பே, இருட்டில், ஆள் இல்லாத நேரத்தில் அவர் என்னைக் காட்டுக்குள் கொண்டுபோனார். இது தப்பில்லையா என்று கேட்டேன். ஆமா என்று சொல்லிச் சிரித்தார்.'

அக்கா டீ ஆற்றுவதை நிறுத்தினார்.

"அடப்பாவி," என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

நடந்தது இது. செக்போஸ்டில் வரிசையில் நிற்கும்போது அவர் பின்சீட்டில் தூங்கிவிட்டார். நேரத்துக்குக் கேட் திறந்தது. காவல் நிற்கிற வாட்சர் பாஸைப் பார்த்தார், நோட்டில் எழுதினார், விட்டார். உள்ளே போனதும் மேகம் மூடிக்கொண்டது. லைட் போட்டு ஓட்டினேன். அப்போது அவர் கண் விழித்தார். சுற்றிலும் இருட்டு மாதிரி. முன்னால் போன வண்டி தெரியவில்லை, பின்னால் வந்த வண்டியும் தெரியவில்லை.

"அண்ணா, கேட் திறக்கறதுக்கு முன்னாடியே உள்ள வந்துட்டமா?"

"ஆமா சார்."

"யாருமே பார்க்கலையா?"

"ஆமா சார்."

"தப்பில்லையா? செமண்ணா நீங்க!"

"ஆமா சார்," என்று சிரித்தேன்.

எங்கள் ஸ்டாண்டில் இது வழக்கம். புதிதாக வண்டி எடுக்கிறவனுக்குத் தலைவர் முதலில் சொல்வது கிளட்சையோ பிரேக்கையோ பற்றி இல்லை. "கெஸ்ட்டுகிட்ட எதுத்துப் பேசாத. என்ன சொன்னாலும் ஆமான்னு போ" என்பார். பைன் மரத்தைக் காட்டித் தேவதாரு தானே என்பார்கள். ஆமா. குப்பை எரிக்கிற புகையைக் காட்டி மேகம் எவ்வளவு அழகு என்பார்கள். ஆமா. எதிர்த்துச் சொன்னால் முகம் சுருங்கும். முகம் சுருங்கினால் அடுத்த முறை வேறு வண்டியில் போவார்கள். அதனால் எனக்கு அந்தச் சொல் வாயிலேயே இருக்கும். யோசித்துச் சொல்வதில்லை.

"ஒழுங்காத்தான போன?" என்றார் தலைவர்.

"ஒழுங்காத்தான் போனேன்."

"அப்புறம் ஏண்டா ஆமான்ன?"

"நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க."

தலைவர் வேறு பக்கம் பார்த்தார். பிறகு சொன்னார்: "ரேஞ்சர் வரச் சொல்லியிருக்காரு. பாஸையும் எடுத்துட்டு வரச் சொன்னாரு."

டீயைக் குடிக்கவில்லை. கிளாஸைப் பெஞ்சில் வைத்தேன்.

வீட்டுக்குப் போய்ப் பாஸை எடுத்தேன். பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருப்பேன். என் அப்பா சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர். அவருக்குப் புலி பயம் இல்லை, ஆனை பயம் இல்லை. காகிதம் என்றால் பயம். காகிதத்தைக் கொடு என்று யாராவது கேட்டால் முகம் வெளுத்துவிடும். கொடுத்த காகிதம் திரும்பி வந்து அவர் பார்த்ததில்லை. அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது.

"எதுக்கு எடுக்குறீங்க?" என்றாள் மனைவி.

"ரேஞ்சர் கேட்டாராம்."

"குடுக்கப் போறீங்களா?"

"கேட்டா குடுக்கணும்ல."

"திரும்பத் தருவாங்களா?"

கவரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வெளியே வந்தேன். அவள் வாசல்வரை வந்து நின்றாள். அவளும் சிலோனிலிருந்து வந்த குடும்பம்தான். அவளுக்கும் தெரியும்.

ரேஞ்சர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. தலைவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"படத்துல இருக்கிறது நீதானே?"

"ஆமாங்க."

"கேட் திறக்கறதுக்கு முன்னாடி போனியா?"

நாக்கு நுனிவரை ஆமாங்க வந்துவிட்டது. பல்லைக் கடித்தேன்.

"இல்லைங்க."

"தெரியும். நோட்டுல உன் வண்டி நேரம் சரியாத்தான் இருக்கு. வாட்சரும் சொல்லிட்டான். ஆனா மேல இருக்கிறவங்க நோட்டைப் பாக்க மாட்டாங்க. போனைத்தான் பாக்குறாங்க. எழுதினவனையே அழிக்கச் சொல்லு. அதுவரைக்கும் இது இங்க இருக்கட்டும்."

கவரோடு பாஸை மேஜை டிராயரில் போட்டார். டிராயர் சாத்துகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் இப்போதும் கேட்கிறது.

ஆபீஸ் வாசலிலேயே நின்று பெங்களூர்க்காரருக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னார் தலைவர்.

"அண்ணா! பார்த்தீங்களா? உங்களை எவ்வளவு பேர் பார்க்கறாங்க தெரியுமா?"

"சார், அதை அழிச்சிடுங்க. என் பாஸை வாங்கி வெச்சிட்டாங்க."

அவர் எழுந்து கதவுக்குத் தாழ் போடுவது கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணா, ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க. எனக்கு வேலை போயி அஞ்சு மாசமாச்சு. வீட்டுல தெரியாது. தினம் எதையாவது எழுதிப் போடுவேன். ஒருத்தரும் பார்க்க மாட்டாங்க. உங்க போட்டோ போட்ட பிறகுதான் பார்க்கறாங்க. ஒரு கம்பெனியில கூப்பிட்டிருக்காங்க. திங்கக்கிழமை இன்டர்வியூ. அந்த போஸ்ட்டைப் பார்த்துத்தான் கூப்பிட்டாங்க. இப்ப எடுத்துட்டா என்னன்னு கேப்பாங்க. திங்கக்கிழமை வரைக்கும் விடுங்கண்ணா. ப்ளீஸ்."

குரல் நடுங்கியது. என் குரலும் அப்படித்தான் இருந்திருக்கும். அவரும் பயந்துதான் இருக்கிறார். மலை ஏறி வந்து ரூமுக்குள் உட்கார்ந்து பயந்திருக்கிறார்.

"சரி சார்," என்றேன்.

தலைவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஏலே, நீ செத்தாலும் ஆமா சாருன்னு சொல்லிட்டுத்தாண்டா சாவ!"

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவருக்கு மனசு கேட்கவில்லை போல. மறுநாளே இன்னொன்று எழுதிப் போட்டுவிட்டார். தான் தப்பாக எழுதிவிட்டதாகவும், அந்த டிரைவர் ஒழுங்காகத்தான் போனார் என்றும், தன்னால் ஒரு நல்ல மனிதரின் பிழைப்பு போய்விட்டது என்றும். உண்மையைத்தான் எழுதியிருந்தார். ஆனால் அதே போட்டோவை, முன்னைவிடப் பெரியதாகப் போட்டிருந்தார்.

மச்சினன் ஓடிவந்தான். "மச்சான், மொதல்ல போட்டதவிட இது பிச்சுக்கிட்டுப் போவுது!"

"நல்லதுக்கா, கெட்டதுக்கா?"

அவன் கீழே மற்றவர்கள் எழுதியிருந்ததை வாசிக்க ஆரம்பித்தான்.

தெரியாத ஊர்க்காரர்கள் எனக்காக அழுதிருந்தார்கள். சிலர் காட்டு இலாகாவைத் திட்டியிருந்தார்கள். ஏழை வயிற்றில் அடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். ரேஞ்சர் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. இவர்கள் என் பெயரால் அவரைத் திட்டுகிறார்கள். அதையெல்லாம் அவர் வாசிப்பார். வாசித்துவிட்டு டிராயரைப் பார்ப்பார்.

திங்கட்கிழமை கழிந்து போன் வந்தது.

"அண்ணா, வேலை கெடைச்சிருச்சு!" அழுதார்.

"சந்தோஷம் சார்," என்றேன். பொய் இல்லை. "இப்ப அழிச்சிடுறீங்களா?"

"ரெண்டையும் அழிச்சுட்டேண்ணா. ஆனா மத்தவங்க எடுத்துப் போட்டிருக்காங்க. அது என் கையில இல்லை."

மச்சினன் தேடிப் பார்த்தான். பம்பாயில் கோட்டு போட்ட ஒரு ஆள். அவர் பெயர் பெரிய பெயராம். என் படத்தை எடுத்துப் போட்டு, கீழே வேறு என்னவோ எழுதியிருந்தார். அவருக்கு நான் யார் என்று தெரியாது. கேட் தெரியாது. ஏரி தெரியாது. பாஸ் தெரியாது. அவருக்குப் போன் போட என்னிடம் நம்பர் இல்லை. மச்சினன் அதிலேயே இங்கிலீஷில் எழுதி அனுப்பினான். பதில் இல்லை.

மறுபடியும் ரேஞ்சரிடம் போனேன். இந்தத் தடவை நானே போனேன். அவர் டிராயரைத் திறக்கவில்லை.

"எழுதினவரு அழிச்சிட்டாருங்க."

"பாத்தேன். ஆனா இது அழியலையே." போனைத் திருப்பிக் காட்டினார். கோட்டுக்காரர் போட்டது. "இப்ப குடுத்தா இவங்க சத்தம் போட்டதால குடுத்தோம்னு ஆகும். குடுக்கலன்னா இன்னும் திட்டுவாங்க. எனக்கும் மேல ஆளு இருக்கு. சத்தம் அடங்கட்டும். தர்றேன்."

"எப்பங்க அடங்கும்?"

படத்துக்கு அடியில் இருந்த ஒரு நம்பரை விரலால் தொட்டார். எத்தனை பேர் பார்த்தார்கள் என்கிற கணக்கு.

"இது ஏறாம நிக்கட்டும்."

இப்போது ஊர் டிரிப் ஓட்டுகிறேன். அதுவும் தினம் இல்லை. மனைவி வட்டக்கானல் ரூம்களில் துணி துவைக்கப் போகிறாள். போன வாரம் ஒரு குடும்பம் ஏறியது, திருச்சிக்காரர்கள். பின்னால் இருந்த அம்மா கண்ணாடியில் என்னையே பார்த்தார். போனைப் பார்த்தார். மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். நான் மப்ளரை மூக்குவரை இழுத்துவிட்டேன். வளைவில் ஹாரன் அடித்தேன். தேவையில்லாமல் இன்னொரு தரம் அடித்தேன்.

"தம்பி, நீங்கதானே அந்த டிரைவர்?"

"இல்லைங்க."

"அப்படியே உங்களை மாதிரியே இருக்கே?"

"இல்லைங்க. அது வேற ஆளு."

கெஸ்ட்டிடம் 'இல்லை' என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர்கள் இறங்கிப் போகும்வரை கண்ணாடியைப் பார்க்கவில்லை. இறங்கியதும் அந்த அம்மா தூரத்தில் நின்று போனைத் தூக்கினார். என்னையா, மலையையா, தெரியவில்லை. வண்டியை எடுத்துவிட்டேன்.

காலையில் டீக்கடைக்குப் போனால் மச்சினன் முதலில் போனைத் திறக்கிறான். அக்கா இப்போது கிண்டல் பண்ணுவதில்லை. தலைவர் வேலையே இல்லாத மாதிரி பக்கத்தில் வந்து நிற்பார். அந்த நம்பர் குறையாதாம், மச்சினன் விசாரித்துவிட்டான். நின்றால்தான் உண்டு. நேற்றும் முந்தாநாளும் ஒரே நம்பர், மூன்று லட்சத்து நாற்பத்தொன்பதாயிரத்து அறுநூற்றுப் பதினொன்று. வீட்டில் சொன்னேன். அவள் சாமி படத்துக்கு முன்னால் கொஞ்சநேரம் நின்றாள்.

இன்று மச்சினன் திறந்தான். பார்த்தான். போனைக் கவிழ்த்து வைத்தான்.

"எவ்வளவு மாப்ள?"

"விடுங்க மச்சான், டீயக் குடிங்க."

"சொல்லு."

மூன்று லட்சத்து நாற்பத்தொன்பதாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு.