எரிமலைச் சாம்பலைக் கூட்டியவர்

கனடாவுக்கு வருமுன் அப்பா இரண்டு வருடம் இத்தாலியில், எட்னா எரிமலைக்குக் கீழே ஒரு சின்னக் கிராமத்தில் இருந்தவர். "அங்க என்னைத் தெரியாத ஆக்கள் இல்லை" என்பார். மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். ரொறொன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் ஒஃபிஸ் கட்டடங்களைக் கூட்டித் துடைக்கிற அத்தானை ஓர் ஊரே அறியும் என்றால் அவர் எப்படி நம்புவார்? நான் நம்பினேன். பள்ளிக்கூடத்தில் மட்டும் அப்பாவுக்கு 'ஒஃபிஸ் வேலை' என்று சொல்லி வைத்திருந்தேன். பொய் இல்லைத்தானே!

எனக்கு ஒன்பது வயதான கோடையில் ரொறொன்ரோவிலிருந்து எல்லோருமாய் அங்கே போனோம். அப்பாவின் புளுகைக் கையும் களவுமாகப் பிடிக்க மாமாவும் வந்தார். போய் இறங்கியது உச்சி வெயிலில். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. கதவு, யன்னல் எல்லாம் பூட்டு. மலை கக்கிய கறுப்புச் சாம்பல் படியெல்லாம் கிடந்தது.

"உங்கட சனமெல்லாம் எங்க அத்தான்? மலைக்குள்ள போயிட்டினமோ?" என்றார் மாமா. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்பா ஒரு வீட்டு வாசலில் சாத்தியிருந்த விளக்குமாற்றை எடுத்தார். முற்றம் கூட்டுமுன் நம் ஆட்கள் செய்வது போலவே, போத்தல் தண்ணீரைக் கையில் ஊற்றித் தெளித்தார். பிறகு குனிந்து கூட்டத் தொடங்கினார்.

சத்தம் கேட்டு மேல்மாடி யன்னல் திறந்தது. ஏசத்தான் வந்தாள் அந்த வீட்டு மனுசி. தெளித்த தண்ணீரைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த ஊரில் தண்ணீர் தெளித்துச் சாம்பல் கூட்டியவர் ஒரே ஒருவர்தானாம்! அவள் போட்ட கூச்சலில் தெரு முழுவதும் கதவுகள் திறந்தன. மத்தியான நித்திரை கலைந்து பெனியனோடு ஓடிவந்தவர்கள் அப்பாவைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் கொஞ்சினார்கள். ஆங்கிலத்தை நாலு சொல்லில் முடிக்கிற அப்பா, இத்தாலி மொழியில் பொரிந்து தள்ளினார். மாமாவுக்கும் முத்தம் கிடைத்தது. "அத்தான் லேசுப்பட்ட ஆள் இல்லை" என்றார், கன்னத்தைத் துடைத்தபடி. எனக்குத் தலைகால் புரியவில்லை. என்ர அப்பா!

செப்டெம்பரில் பள்ளிக்கூடம் தொடங்கியதும் வகுப்பில் எழுந்து, எரிமலைச் சாம்பலையே கூட்டியவர் என் அப்பா என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். பின்னேரம் என்னைக் கூட்டிப்போக வந்த அப்பாவுக்கு ரீச்சர் கைகொடுத்து, இங்கே என்ன வேலை என்று கேட்டார்.

நான் முந்திக்கொண்டு, "ஒஃபிஸ் வேலை" என்றேன்.

அப்பா என்னை ஒருதரம் பார்த்தார். "யெஸ், ஒஃபிஸ்" என்று சிரித்தார்.

எட்னாவில் அவர் பிடித்த விளக்குமாற்றைப் பற்றி எல்லோருக்கும் சொல்லித் திரிந்த நான், மார்க்கத்து விளக்குமாற்றை ஏன் ஒளித்தேன் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. அவருக்கு விளங்கியிருந்தது.