தொரையின் காரில் தீவைச் சுற்றி வந்தோம்

பினாங்கில் நான் கடைக்குப் போவதில்லை. என் கூடைதான் போகிறது. ஜார்ஜ் டவுனில் ஒரு துணிக்கடையின் மாடியில் குடியிருக்கிறோம். காலையில் தெருவில் காய்கறி விற்கும் சீனரின் குரல் கேட்டதும் சன்னலைத் திறந்து, கயிற்றில் கட்டிய மூங்கில் கூடையைக் கீழே இறக்குவேன். "தாச்சி, ஹாரி இனி மாவ் அப்பா?" என்று அண்ணாந்து கேட்பார். தமிழ்ப் பெண்களை இங்கே எல்லோரும் தாச்சி என்றுதான் அழைக்கிறார்கள். இன்றைக்கு என்ன வேண்டும் என்பது கேள்வி. வந்த புதிதில் நான் தமிழிலேயே பதில் சொல்வேன். கத்தரிக்காய் கேட்டால் பாகற்காய் வரும். புளி கேட்டால் ஒருநாள் அன்னாசிப்பழம் வந்தது. திருப்பி அனுப்பத் தெரியாமல் வந்ததையெல்லாம் சமைத்தேன். பிறகு அவர் சொல்லும் மலாய்ச் சொற்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டேன். வியாபாரம் முடிந்ததும், "எசோக் பாலிக்" என்பார். நாளைக்குத் திரும்பி வருகிறேன் என்று பொருள். இப்படிச் சன்னலுக்கும் தெருவுக்கும் நடுவே நான் ஒரு மொழி கற்றுக்கொண்டது என் கணவருக்கு வெகுநாள் தெரியாது. அவர் அலுவலகம் போன பிறகுதான் கூடை இறங்கும்.

ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்கள் இப்போது விசிறியும் கையுமாக இருப்பீர்கள். இங்கே கோடை என்று தனியாக ஒன்று கிடையாது. தினமும் வெயில், தினமும் மழை, சித்திரையும் கார்த்திகையும் ஒரே முகமாக வந்து போகின்றன. கோடை என்பது வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் உண்டு. அதற்காக அவர்கள் கப்பலேறிச் சீமைக்குப் போய்விடுவார்கள். என் கணவர் மோட்டார் வண்டி விற்கும் ஒரு கம்பெனியில் கிராணி. கணக்கெழுதப் போனவர் வண்டி ஓட்டவும் பழகிக்கொண்டார். ஒருநாள் வேலை முடிந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார்:

"தொரை சம்மருக்குப் போயிட்டாரு. வண்டி சும்மா நின்னா கெட்டுப்போயிடும், ரெண்டு நாள் எடுத்து ஓட்டுன்னு சொல்லியிருக்காரு. தீவை ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு வரலாமா?"

"பாத்துடலாங்க. ஊருக்குப் போறதுக்குள்ள இந்த ஊரையும் பாத்தாத்தானே" என்றேன்.

அவர் கைக்குட்டையைத் தேடுவதுபோல் பைகளைத் தட்டிக்கொண்டே, "ஆமா" என்றார்.

அந்த ஆண்டு நாங்கள் நாகப்பட்டினம் போவதாக இருந்தது. நீண்ட விடுப்பு கிடைக்கும் என்று அவர்தான் வாக்குக் கொடுத்திருந்தார். அங்கே எங்கள் மகள் ரோசம்மா இருந்தாள். நான் பினாங்குக்கு வந்தபோது அவளையும் தூக்கிக்கொண்டுதான் துறைமுகத்துக்குப் போனேன். குழந்தைக்கு உடம்பெல்லாம் சிவந்து காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்தது. கப்பல் டாக்டர் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, ஏற்ற முடியாது என்றார். இவருடைய விடுப்பு முடிந்துவிட்டது; சீட்டும் எடுத்தாயிற்று. "நீ போக்கா. காச்ச விட்டதும் யார்கூடவாவது அனுப்பி வைக்கிறோம்" என்று என் தங்கை லூர்து குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். தோள் மாறியதுகூடத் தெரியாமல் ரோசம்மா தூங்கினாள். அடுத்த கப்பலுக்குத் துணை கிடைக்கவில்லை. அதற்கடுத்து மழைக்காலம். பிறகு குழந்தை லூர்துவிடம் ஒட்டிக்கொண்டுவிட்டாள் என்ற செய்தி வந்தது. லூர்துவுக்குப் பிள்ளை இல்லை. "அடுத்த வருஷம்" என்று சொல்லிச் சொல்லியே நான்கு ஆண்டுகள் போய்விட்டன.

ஆகவே அந்தப் பயணத்தை நான் விடைபெறும் பயணமாகவே எடுத்துக்கொண்டேன். விட்டுப் போகப்போகிற இடத்தை மனிதர்கள் தாராளமாகப் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். முதலில் ஆயர் ஈத்தாம் போனோம். மலைச்சரிவில் சீனர்களின் கோபுரம் அடுக்கடுக்காக எழுந்து நின்றது. அங்கிருந்து கம்பியால் இழுக்கப்படும் ரயிலில் மலை உச்சிக்கு ஏறினோம். உச்சியில் குளிர்ந்தது. இவர் உற்சாகமாகத் துறைமுகத்தையும், எங்கள் தெரு இருக்கும் பக்கத்தையும், எதிர்க்கரையில் கெடா மலைகளையும் காட்டினார். நான் மெல்ல ஒரு சுற்றுத் திரும்பிப் பார்த்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் நிலம் கொஞ்ச தூரத்தில் முடிந்து தண்ணீர் தொடங்கியது. கீழே இருந்தபோது ஒரு ஊரில் இருப்பதாக நினைத்திருந்தேன். தண்ணீருக்கு நடுவே இருக்கிறேன் என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. "நம்ம ஊரு எந்தப் பக்கங்க?" என்று கேட்டேன். மேகம் மூடியிருந்த ஒரு பக்கமாக அவர் கையை வீசிவிட்டு, தேநீர் குடிக்கலாம் வா என்றார்.

மலையிறங்கி, ஜெலுத்தோங் வழியாகத் தெற்கே போனபோது, இடதுபுறம் கடலில் ஜெரஜாக் தீவு தெரிந்தது. கப்பலில் யாருக்காவது நோய் கண்டால் மேல்தட்டில் வரும் டெக் பயணிகளை அங்கேதான் இறக்கிக் காவலில் வைப்பார்கள். நான் இந்த நாட்டில் முதலில் கால் வைத்தது அந்தத் தீவில்தான். நீண்ட கொட்டகையில் மருந்து நெடிக்கு நடுவே, பால் கட்டிய மார்போடு படுத்துக் கிடந்தேன். பக்கத்தில் படுத்திருந்த பெண், "பிள்ளை எங்கம்மா?" என்று கேட்டபோது முந்தானையை இழுத்து மார்பை மூடிக்கொண்டேன். காரில் போகும்போது அதை இவரிடம் சொல்ல நினைத்தேன். ஆண்கள் கொட்டகை வேறு; இவருக்கு அது தெரியாது. ஆனால் வண்டியைக் கவனமாக ஓட்டிக்கொண்டிருந்தார்; சொல்லாமல் விட்டுவிட்டேன்.

பாயான் லெப்பாஸ் போகும் வழியில் பாம்புக் கோயிலில் நிறுத்தினார். மாதா கோயிலைத் தவிர வேறு எங்கும் போய்ப் பழகாதவள் நான். சிலுவை போட்டுக்கொண்டேதான் படியேறினேன். உள்ளே ஊதுபத்திப் புகை கண்ணைக் கரித்தது. பச்சைப் பாம்புகள் பீடத்தின் மேலும், சாடியில் செருகிய மரக்கிளைகளிலும் அசையாமல் சுருண்டு கிடந்தன. கதவும் சன்னலும் திறந்தேதான் இருந்தன. இவை வெளியே போய்விடாதா என்று கேட்க நினைத்து, எனக்குத் தெரிந்த மலாயில் ஏதோ கேட்டேன். நான் பயப்படுகிறேன் என்று எண்ணிக்கொண்ட பூசாரி, "தாக்கோட் தாக் பயா" என்று சிரித்தார். பயப்பட வேண்டாம் என்று பொருள். நான் கேட்டது அதுவல்ல. திருத்திச் சொல்ல எனக்கு மொழி போதவில்லை.

தீவின் முதுகுப்புறம் இருக்கிறது பாலிக் பூலாவ். டுரியான் தோப்பும் ஜாதிக்காய் மரமுமாகக் குளிர்ந்த ஊர். அதைத் தாண்டி மலைப்பாதையில் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. அருவி ஒன்றைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். அருவி சாலையிலேயே ஓடியது. ஒரு வளைவில் மரத்தோடு மண் சரிந்து வழியை மறித்துக் கிடந்தது. குறுகிய பாதையில், வழுக்கும் மண்ணில், பிறத்தியார் வண்டியைத் திருப்ப இவருக்குத் தைரியம் வரவில்லை. மலையடியோரம் வண்டியை ஒதுக்கி நிறுத்திவிட்டு, அருகில் தோப்புக்குள் தெரிந்த ஓலை வேய்ந்த வீட்டுக்கு நனைந்துகொண்டே ஓடினோம்.

அந்த வீட்டு மலாய்க்காரர் எங்களை ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. அவருடைய மனைவி என்னை உள்ளே அழைத்துப்போய், என் புடவையைப் பிழிந்து உலர்த்தி, தன்னுடைய கைலி ஒன்றைக் கொடுத்தார். கட்டத் தெரியாமல் நின்றேன். குழந்தைக்குச் செய்வதுபோல் அவரே இடுப்பில் மடித்துச் செருகிவிட்டார். சூடான காப்பி கொடுத்துவிட்டு, "அனாக் அடா?" என்று கேட்டார். பிள்ளை உண்டா என்பது புரிந்தது. உண்டு என்று தலையாட்டி, உயரம் காட்டக் கையைத் தாழ்த்தினேன். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே போய்க் கை நின்றது. அது நான் விட்டு வந்த உயரம். இப்போது எவ்வளவு இருப்பாள் என்று தெரியாமல் கையை உயர்த்தினேன், மறுபடி தாழ்த்தினேன். அந்த அம்மா என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிள்ளை எங்கே என்றார். "இந்தியா" என்றேன். அவர் எழுந்து, தொழுகைப் பாய் விரிக்கும் சுவரைத் தொட்டுக் காட்டினார். தாங்கள் தினமும் முகம் திருப்பித் தொழுவது அந்தப் பக்கம், இந்தியாவும் அந்தப் பக்கம்தான் என்று சொல்கிறார் என விளங்கச் சற்று நேரமாயிற்று. மலை உச்சியில் கிடைக்காத பதில் ஒரு பலகைச் சுவரில் கிடைத்தது.

விளக்கு ஏற்றியிருந்தார்கள். வெளி வராந்தாவில் இவரும் வீட்டுக்காரரும் பேசிக்கொண்டிருந்தது மழைச் சத்தத்தினூடே காதில் விழுந்தது. வீட்டுக்காரர் கேட்டார்: "பிலா பாலிக் இந்தியா?"

இந்தியாவுக்கு எப்போது திரும்புகிறீர்கள். நான் காப்பிக் கோப்பையை வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தேன். அடுத்த மாதம் என்று இவர் சொல்வதைக் கேட்க ஆசையாக இருந்தது.

"தாக் பாலிக் லா, பாக் சிக்" என்றார் என் கணவர். "சினி கெர்ஜா, சினி டுடோக்."

திரும்பப் போவதில்லை, பெரியவரே. இங்கே வேலை, இங்கேதான் இருப்பு. ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரிந்த சொல். தெரியாமல் இருந்திருக்கலாமே என்று இருந்தது. பலகைச் சுவர்கள், மறித்துக் கிடக்கும் சாலை, இரவல் கைலி, தலைக்கு மேல் கொட்டும் மழை. எழுந்து எங்கும் போக இடமில்லை. அன்று இரவு அந்த அம்மாவின் பக்கத்தில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

காலையில் சாலை வேலைக்காரர்கள் வந்து மரத்தை அறுத்து வழி விட்டார்கள். நாங்கள் புறப்பட்டோம். மலையிறங்கி வடகரைக்கு வந்ததும், பாத்து ஃபெரிங்கியில் பாறைகளுக்கு அருகே வண்டியை நிறுத்தி, "இறங்கிப் பாரு மேரி, எவ்ளோ அழகான எடம்" என்றார்.

நான் இறங்கவில்லை. "தாக் பாலிக்?" என்று கேட்டேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் வேறு யாரோ ஆகிவிட்டதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

"உனக்கு மலாய் தெரியுமா?"

"இது தெரியும்."

ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னார்: "ரப்பர் விலை விழுந்ததிலேருந்து வண்டி வாங்க ஆளில்ல. பெரிய கிராணியவே போன மாசம் சீட்டுக் கிழிச்சு அனுப்பிட்டாங்க. இப்ப லீவு எடுத்துட்டுப் போனா, திரும்பி வரும்போது என் நாற்காலியில வேற ஆளு உக்காந்திருப்பான். ஊர்ல போயி என்ன செய்வேன் சொல்லு."

"இத வீட்டுலயே சொல்லியிருக்கலாமே."

"நாலு எடத்தப் பாத்தா உன் மனசு கொஞ்சம் இங்க ஒட்டும்னு நெனச்சேன். அப்புறம் சொல்லலாம்னு."

"நல்லாத்தான் சுத்திக் காட்டினீங்க. இந்த ரோடு எங்க சுத்தினாலும் நம்ம வீட்டுக்குத்தான் வருது."

நான் மனதில் இரவு முழுவதும் உருட்டியதைச் சொன்னேன்: "நீங்க வேலையப் பாருங்க. நான் மட்டும் போறேன்."

"போனா திரும்பி வருவியா?"

கோபமாகக் கேட்டிருந்தால் வருவேன் என்று வாயில் வந்திருக்கும். அவர் கேட்ட விதம் அப்படி இல்லை. தாழ்ந்த குரலில், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். நான் கடலைப் பார்த்தேன். ரோசம்மாவை மடியில் வைத்துக்கொண்ட பிறகு மறுபடி கப்பலேறும் தைரியம் எனக்கு இருக்குமா என்று யோசித்தேன். தெரியவில்லை. பொய் சொல்ல மனம் வராமல் பேசாமல் இருந்தேன். அந்த மௌனத்தை அவர் புரிந்துகொண்டார். இத்தனை நாளும் என்னைத்தான் அவர் கூண்டில் வைத்திருப்பதாக நினைத்திருந்தேன். அவருக்கும் போக்கிடம் இல்லை என்பதும், நான் போய்விட்டால் அந்த மாடி வீட்டில் தனியாக என்ன செய்வார் என்பதும் அப்போது தெரிந்தது. தெரிந்ததால் எனக்கு விடுதலை எதுவும் கிடைத்துவிடவில்லை. அவர் வண்டியை டவுனுக்குத் திருப்பினார்.

நான் போகவில்லை. ஆனால் அடுத்த வருஷம் என்ற பேச்சு அதோடு நின்றது. எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்த குடும்பம் ஒன்று ஊருக்குப் போனபோது, இவரே அவர்கள் வீட்டுக்கு நடையாய் நடந்து, திரும்பும்போது ரோசம்மாவை அழைத்துவர ஏற்பாடு செய்தார். என் தங்கை அவளைக் கப்பலேற்றினாள். எப்படி ஏற்றினாள், என்ன சொல்லி ஏற்றினாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கும் உரிமை எனக்கு இல்லை. வெல்ட் கீ படித்துறையில் தோணியிலிருந்து இறங்கிய பெண் என் இடுப்புக்கு மேல் வளர்ந்திருந்தாள். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அவள் மரியாதையாக நின்று, "கும்பிடுறேன் பெரியம்மா" என்றாள்.

அவளைத் திருத்தவில்லை. கான்வென்ட் பள்ளியில் சேர்த்திருக்கிறோம். மலாய் என்னைவிட வேகமாகப் பேசுகிறாள். அப்பாவை அப்பா என்று கூப்பிடப் பழகிவிட்டாள். என்னை மட்டும் எப்படியும் கூப்பிடாமலே எதிரில் வந்து நின்று பேசுகிறாள். அதுவே ஒரு முன்னேற்றம் என்று நினைக்கிறேன். மாலையில் மாதா படத்துக்கு முன் மூவரும் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்கிறோம். முடிவில் அவரவர் வேண்டுதலைச் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். ரோசம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு, "எங்க அம்மாவுக்கு உடம்பு சொகமா இருக்கணும், அழாம இருக்கணும்" என்று வேண்டுவாள். அது கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் லூர்துவுக்காக. என் கணவர் ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பார். நான் அவர் சொல்லும் முன்பே, அவள் காதில் விழும்படி, "ஆமென்" என்று சொல்கிறேன்.