அத்தானின் நாக்கும் சர்க்கரைக்கொல்லி இலையும்

என் அக்கா வீட்டுக்காரரைத் தெருவே கேக் மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். எனக்கு அத்தான். பேக்கரியில் கிரீம் அடிப்பது அவர் வேலை. அளவுக் கரண்டியை நம்ப மாட்டார். விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைப்பார். அந்த நாக்கு சொன்னால்தான் கிரீம் கேக்கில் ஏறும்.

அவருக்குச் சர்க்கரை வியாதி வந்ததும் டாக்டர் மாத்திரை கொடுத்தார். அக்காவுக்கு அது போதவில்லை. யாரோ சொன்னார்கள் என்று சிறுகுறிஞ்சான் கொடியைத் தொட்டியில் வைத்து ஜன்னல் கம்பியில் ஏற்றிவிட்டாள். சர்க்கரைக்கொல்லி என்றும் அதற்குப் பேர் உண்டு. ஆண்டவன் படைத்த இலை, கெடுதல் செய்யாது என்று நம்பினாள்.

கொடி தழைத்ததும், ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்பியவரை வாசலில் மறித்து இரண்டு இலையை நீட்டினாள்.

"நல்லா மென்னு முழுங்குங்க. மூஞ்சியச் சுளிக்காதீங்க."

"உன்னைக் கட்டுன நாள்லேர்ந்து கசப்பு பழகிப்போச்சும்மா" என்று மென்றுகொண்டே போனார்.

பேக்கரி அடுத்த தெருதான். போனதும் ஒரு பிறந்தநாள் கேக்குக்குக் கிரீம் அடித்தார். தொட்டு நாக்கில் வைத்தால் இனிப்பே இல்லை. சர்க்கரையைக் கொட்டினார். அப்போதும் இல்லை. இன்னும் கொட்டினார். கேக்கை வாங்க வந்த அம்மா ஓரத்தில் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்ன மாஸ்டர், இதைத் தின்னா பல்லெல்லாம் கழண்டுடும் போலிருக்கே!" என்றார்.

முதலாளி கத்தவில்லை. "ஒடம்புக்கு முடியலன்னா சொல்லுங்க, வேற ஆள் பாக்குறேன்" என்றார். அதுதான் அத்தானை உலுக்கிவிட்டது.

மதியமே வீட்டுக்கு வந்து நாற்காலியில் சரிந்தார். "இந்தச் சக்கரை வியாதி கண்ணைப் பறிக்கும், காலைப் பறிக்கும்னாங்க. எனக்கு நாக்குலயே கை வச்சிருச்சே. இனி எந்தத் தொழிலுக்குப் போவேன்?"

என் வாய் தானாக ஜெபத்தை முணுமுணுத்தது. அக்காவுக்கு டீ போட்டுக் கொண்டுவந்தேன். அக்கா இன்னும் இரண்டு இலையைப் பறித்து நீட்டினாள்.

"இதையும் தின்னுங்க, எல்லாம் சரியாயிடும்."

"நீயே தின்னு!"

அக்காவுக்கு ரோஷம். மென்று விழுங்கிவிட்டு, கசப்புக்கு என் கையிலிருந்த டீயை வாங்கி ஒரு வாய் குடித்தாள். "ஏண்டி, டீல சக்கரையே போடலையா?"

"மூணு கரண்டி போட்டிருக்கேன்க்கா."

அத்தான் தலை நிமிர்ந்தார். சட்டென்று எழுந்து அந்த டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார். "இனிக்குது! எனக்கு இனிக்குது!" என்று கூவினார்.

"அதுக்காக முழுசையும் குடிச்சுடாதீங்க!" என்று அக்கா பிடுங்கிக்கொண்டாள்.

டாக்டர் கேட்டுச் சிரித்தார். "அந்த இலைக்கு அதான் குணம். கொஞ்ச நேரத்துக்கு இனிப்பு தெரியாது, அப்புறம் சரியாயிடும். ஆனா மாத்திரைய விட்டுடாதீங்க. ரெண்டும் சேந்தா சர்க்கரை ரொம்ப இறங்கிடலாம், ரத்தம் பாத்துக்கிட்டே இருக்கணும்."

விஷயத்தைக் கேட்ட முதலாளியும் வேறு ஆள் தேடவில்லை. இப்போது கிரீம் ருசி பார்த்த பிறகுதான் இலை. அதற்குப் பின்தான் கேக்கின் ஓரங்களை வெட்டுகிறார். முன்பெல்லாம், வியாதி வந்த பிறகும்கூட, அந்தத் துண்டுகளில் பாதி அவர் வாய்க்குள்தான் போகுமாம். இப்போது அட்டையை மெல்வதுபோல் இருக்கிறதென்று ஒதுக்கிவிடுகிறாராம். என்னிடம் மட்டும் சொன்னார். கடவுளுக்கு நன்றி சொன்னேன். அக்காவிடம் மூச்சு விடவில்லை.