பட்டுக்கடைக் கண்ணாடியில் ஆறுமணிக்குருவி

காஞ்சிபுரத்தில் பேருந்தை விட்டு இறங்குகிறேன். எதிரே ஒரு புதுப் பட்டுக்கடை. முகப்பு முழுக்கக் கண்ணாடி; சாலையோரப் புங்கமரங்கள் அதில் பெரிய தோப்பாகத் தெரிகின்றன. வடக்குக் காடுகளிலிருந்து இரவெல்லாம் பறந்து வருகிற ஆறுமணிக்குருவிக்கு மரநிழலும், கிளறிப் புழு தின்னச் சருகும் வேண்டும். அவற்றைத் தேடிவந்த ஒன்று இந்தப் பொய்த் தோப்பில் மோதிப் படியில் கிடக்கிறது. மூச்சு இருக்கிறது.

நான் ஓடுவதற்குள் கடைக்காரர் அதை உள்ளே எடுத்துப்போய், விரித்திருக்கும் புடவைமேல் வைத்து நிறம் பார்க்கிறார்!

"இன்னா கலரு பாரும்மா! ஒடம்பு பச்ச, பார்டர் நீலம், முந்தி செவப்பு. இப்டியே ஒரு பொடவ போட்டா பிச்சிக்கினு போவும்."

"அண்ணா, அதுக்கு உசுரு இருக்கு! ஒரு அட்டைப்பெட்டி குடுங்க. இருட்டுல வச்சா பொழைச்சுக்கும்."

"இரும்மா, ஒரே போட்டோ."

ஒன்றல்ல, செல்போன் விளக்கு மூன்று முறை அதன் கண்ணில் அடிக்கிறது. நானே ஒரு பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வருவதற்குள் தலை தொங்கிவிட்டது.

"கண்ணாடிக்கு வெளியில பட்டை பட்டையா எதையாவது ஒட்டித் தொலைங்க! நாளைக்கும் ஒண்ணு வந்து மோதும்!"

"அடப் பாவமே," என்கிறார், கண்ணைச் செல்போனிலிருந்து எடுக்காமல். "வரட்டும்மா. இதுல பச்ச சரியா விழல."